காருக்கும் உண்டு மூலப்பத்திரம்



அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்கள் கொடுக்கும் விளம்பரம் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: ‘1964 போண்டியாக் ஜி.டி.ஓ. முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. அசல் எஞ்சின். ஆவணங்கள் உண்டு.’ படத்தில் கார் பளபளவென்று நிற்கும். நம் கண் பெயின்டிலும் குரோமியப் பட்டையிலும் போய் நிற்கும். விவரம் தெரிந்தவரோ கடைசி இரண்டு சொற்களைத்தான் முதலில் படிப்பார். ஏன் என்று புரிய, அந்தக் கார் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குடும்பம் போய்வர வாங்கும் நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்கென்று செய்த எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதைத்தான் அமெரிக்கர்கள் ‘மசில் கார்’ என்கிறார்கள். உடம்பு சிறியது, பலம் பெரியது, விலையோ இளைஞர்கள் தவணையில் கட்டக்கூடியது. இந்த வகைக்கு வழி திறந்துவிட்டது என்று பலரும் சொல்வது 1964 ஜி.டி.ஓ.வைத்தான்.

போண்டியாக் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு. 1963 ஜனவரியில் தலைமையகம் ஓர் உத்தரவு போட்டது: எந்தப் பிரிவும் கார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது. பந்தய வெற்றியைக் காட்டியே இளைஞர்களுக்குக் கார் விற்றுவந்த போண்டியாக்குக்கு இது பெரிய அடி. ஏற்கெனவே இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு, மேற்பட்ட எஞ்சினை வைக்கக் கூடாது.

அப்போது போண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவரும் அவருடைய சகாக்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பெரிய போண்டியாக் கார்களில் இருக்கும் 389 கன அங்குல எஞ்சின், ‘டெம்பெஸ்ட்’ என்ற நடுத்தரக் காருக்குள்ளும் சிரமமில்லாமல் உட்காரும். ஆனால் விதி குறுக்கே நிற்கிறதே? புதிய மாடல் என்றால் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். இருக்கிற மாடலுக்குக் ‘கூடுதல் வசதி’ என்றால் வேண்டாம். வட்டியை ஏற்றாமல் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி சேர்ப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த உபாயம் உடனே புரிந்துவிட்டது! டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரின் விருப்பப் பட்டியலில் ஜி.டி.ஓ. என்று ஒரு வரி சேர்ந்தது. பெயர்கூட இத்தாலியின் ஃபெராரியிடமிருந்து எடுத்ததுதான்.

அந்த ஒரு வரியின் விலை 295 டாலர் சொச்சம். அதற்கு 325 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின், கெட்டியான ஸ்பிரிங்குகள், இரட்டைப் புகைக்குழாய், ஜி.டி.ஓ. முத்திரை எல்லாம் வரும். இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் மூன்று கார்புரேட்டர்கள், 348 குதிரைத் திறன். விற்பனைப் பிரிவு பயந்து பயந்து 5,000 கார்களுக்குச் சம்மதித்தது. முதல் ஆண்டில் விற்றதோ 32,450. அடுத்த ஆண்டு 75,000-க்கும் மேல். 1966-ல் ஜி.டி.ஓ. தனி மாடலாகவே ஆனது. அந்த ஆண்டு 96,946 விற்றது. விதி மீறல் பற்றித் தலைமையகம் அதற்கு மேல் என்ன பேசும்? மற்ற நிறுவனங்களும் இதே வழியில் இறங்கின.

பத்தே ஆண்டுகளில் ஆட்டம் அடங்கியது. இளம் ஓட்டுநர்களுக்கும் பலமான எஞ்சின்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின. 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்குத் தோதாக 1971 மாடல்களில் எஞ்சினின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. 1974-ல் விற்ற ஜி.டி.ஓ. 7,058 மட்டுமே. அத்துடன் அந்த வரிசை முடிந்தது.

அதன் பிறகு இவை வெறும் பழைய வண்டிகள். பெட்ரோலைக் குடிக்கும், வாங்க ஆளில்லை. பந்தயம் விட்டு உடைத்தவர்கள் பலர். பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் தூவும் உப்பு, அடித்தகட்டைத் தின்றுவிட்டது. இளமையில் அதை ஓட்டியவர்களும், ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போனவர்களும் கையில் நாலு காசு சேர்ந்த பிறகு தேடிப் போனபோதுதான் மறுபடி மதிப்பு வந்தது.

புதுப்பிப்பது லேசான வேலை இல்லை. காரின் உடற்கூட்டைச் சட்டத்திலிருந்து தனியே தூக்கி, துருப்பிடித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கோத்து, மறுபடி இறக்க வேண்டும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். போட்ட பணம் விற்கும்போது திரும்பாமல் போவதும் சகஜம்.

இங்கேதான் சிக்கல். 1964, 1965 ஆண்டுகளில் ஜி.டி.ஓ. என்பது ஒரு கூடுதல் வசதி மட்டும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் அந்தக் கார்களின் அடையாள எண், லெமான்ஸ் அல்லது டெம்பெஸ்ட் வகை என்பதை மட்டுமே சொல்லும். ஜி.டி.ஓ. என்று சொல்லாது. 1966 முதல்தான் ஜி.டி.ஓ.வுக்கு 242 என்று தனியாக ஆரம்ப எண் வந்தது. ஆகவே சாதாரண 1964 லெமான்ஸை வாங்கி, எஞ்சினை மாற்றி, முத்திரையை ஒட்டி, பெயின்ட் அடித்தால் பார்வைக்கு அது ஜி.டி.ஓ.தான். சத்தமும் அதே சத்தம். ‘இது நானே மாற்றியது’ என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. அப்படிச் சொன்னால் விலை குறையும் என்பதால் சொல்லாமல் விற்பவர்களும் உண்டு. வாங்குபவர் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வேறொரு காரை வீட்டுக்கு ஓட்டிவருவார்.

எப்படித் தெரிந்துகொள்வது? எஞ்சினில் பொறித்த குறியீடு ஒரு சாட்சி. 1964-ல் கையால் கியர் மாற்றும் ஜி.டி.ஓ. என்றால் 325 திறன் எஞ்சினில் 78 எக்ஸ், 348 திறன் எஞ்சினில் 76 எக்ஸ் என்று இருக்கும். ஆனால் எஞ்சினை வேறு காரிலிருந்து கழற்றி மாட்டலாமே! அசைக்க முடியாத சாட்சி, தொழிற்சாலை அன்று போட்ட பில். எந்தக் கார், எந்த டீலருக்கு, என்னென்ன கூடுதல் வசதியோடு போனது என்று அதில் வரி வரியாக இருக்கும். அந்தப் பில்கள் நுண்படச் சுருள்களில் தப்பிப் பிழைத்தன. போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருகிறது. போண்டியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2010-ல் மூடிவிட்டது. ஏதோ ஒரு குமாஸ்தா போட்ட பில் மட்டும் இன்றும் பேசுகிறது. லெட்ஜரோடு காலம் கழித்த எனக்கு இதில் தனி சந்தோஷம்.

காகிதத்தின் பலத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங், 1974-ல் 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தது. அன்றாடம் ஓட்டவும் செய்தார்கள். 1977-ல் மெக்வீனே திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அது கட்டணங்கள் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது புதுப்பிக்கப்படாத கார். கீறலும் மங்கிய பெயின்டும் அப்படியே இருந்தன. ஆனால் கடிதம் உட்பட எல்லாக் காகிதமும் பத்திரமாக இருந்தது.

உங்கள் பிள்ளைகள் யாராவது அங்கே இருந்து, இப்படி ஒரு காரின் படத்தை அனுப்பி ‘வாங்கட்டுமா அப்பா?’ என்று கேட்டால், நிறம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வரிசையாக நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அடையாள எண் என்ன? தொழிற்சாலைப் பில்லின் நகல் எங்கே? எஞ்சினில் உள்ள குறியீடு அதோடு ஒத்துப்போகிறதா? புதுப்பித்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள் இருக்கின்றனவா? வீடு வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டோம்? டைல்ஸ் பளபளப்பைப் பார்த்து இல்லையே!