பானையில் கீறிய பெயர்கள்: வைகைச் சமவெளியில் எளியோரின் எழுத்தும் கைவினையும்

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் கீழடி. இங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் கிடைத்த பானை ஓடுகள் பலவற்றில் மனிதர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அரசாணையாகவோ கொடைச் செய்தியாகவோ இல்லாமல், அன்றாடம் சோறு சமைக்கவும் நீர் வைக்கவும் பயன்பட்ட பானைகளில் எழுதப்பட்டவை இவை. தமிழ்நாட்டில் எழுத்தும் கலையும் யாருடைய கையில் இருந்தன என்ற வினாவுக்கு இந்த ஓடுகள் முக்கியமான சான்றுகள் ஆகும்.

அகழாய்வின் பின்னணி

இந்தியத் தொல்லியல் துறை 2013-14ஆம் ஆண்டுகளில் வைகை ஆற்றின் இரு கரைகளிலும் கள ஆய்வு நடத்தி, 293 தொல்லியல் இடங்களைக் கண்டறிந்தது. இப்பணிக்குத் தலைமை வகித்தவர் கி. அமர்நாத் இராமகிருஷ்ணா. அவற்றுள் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல் அகழாய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுமார் 110 ஏக்கர் பரப்புள்ள அந்த மேடு தென்னந்தோப்பாக இருந்ததால், பிற இடங்களைப் போல வீடுகள் கட்டப்பட்டு அழிந்துவிடாமல் தப்பியிருந்தது. முதல் மூன்று கட்ட அகழாய்வுகளை இந்தியத் தொல்லியல் துறை மேற்கொண்டது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்தது. பின்னர் கொந்தகை, அகரம், மணலூர் ஆகிய பக்கத்து ஊர்களும் ஆய்வில் சேர்க்கப்பட்டன.

நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் கிடைத்தன. 1,001 பானை ஓடுகளில் குறியீடுகளும், 56 ஓடுகளில் தமிழி எழுத்துகளும் காணப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரி ஒன்று அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யப்பட்டு, அதன் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. இம்முடிவுகள் 2019ஆம் ஆண்டு வெளியான அறிக்கையில் இடம்பெற்றன. ஒரு மண்ணடுக்கின் காலத்தை அதே ஆழத்தில் கிடைத்த எழுத்துக்கும் பொருத்தலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சங்க காலத்தில் இங்கு எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்தனர் என்பதில் ஐயம் இல்லை.

கீறியது யார்?

பானையில் எழுத்தை இரண்டு வழிகளில் பொறிக்கலாம். சூளையில் இடும் முன், மண் ஈரமாக இருக்கும்போது எழுதுவது ஒன்று. சுட்டு முடித்த பிறகு கூர்மையான பொருளால் கீறுவது மற்றொன்று. ஈர மண்ணில் எழுதினால் கோடுகள் வழவழப்பாக அமையும்; ஓரங்களில் மண் சற்று ஒதுங்கி நிற்கும். சுட்ட பானையில் கீறினால் கோடு மெலிந்தும் ஓரம் உடைந்தும் காணப்படும். முதல் வகை எழுத்து பானை வனைந்த இடத்திலேயே எழுதப்பட்டது. இரண்டாம் வகை, பானை விற்கப்பட்டு வீடு வந்து சேர்ந்த பிறகும் எழுதப்பட்டிருக்கக் கூடியது.

கீழடி எழுத்துகள் பெரும்பாலும் பானையின் தோள்பகுதியில் அமைந்துள்ளன. பானையை அடுக்கி வைத்தாலும் இறக்கி வைத்தாலும் கண்ணில் படும் இடம் அது. எழுத்துகளின் வடிவம் ஓட்டுக்கு ஓடு மாறுபடுகிறது. குயவர் ஒருவரோ எழுத்துத் தொழில் செய்த ஒருவரோ எல்லாப் பானைகளிலும் எழுதியிருந்தால் கையெழுத்து ஓரளவு ஒன்றுபோல இருந்திருக்கும். எனவே பானையின் உடைமையாளர்கள் பலர் தாமே தம் பெயரைக் கீறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இத்தகைய முறையில் முடிவு காண்பதற்குக் கிரேக்க நாட்டில் ஒரு நல்ல ஒப்புமை உண்டு. ஏதென்ஸ் நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில், நாடு கடத்தப்பட வேண்டியவரின் பெயரைக் குடிமக்கள் பானை ஓட்டில் எழுதி வாக்களித்தனர். 1937ஆம் ஆண்டு அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரே கிணற்றிலிருந்து, தெமிஸ்டோக்ளிஸ் என்பவரின் பெயர் தாங்கிய சுமார் 190 ஓடுகள் எடுக்கப்பட்டன. கையெழுத்தை ஒப்பிட்டபோது அவை அனைத்தையும் 14 பேர் மட்டுமே எழுதியது தெரிய வந்தது. பிறருக்கு வழங்குவதற்காக முன்கூட்டியே எழுதி வைத்த ஓடுகள் அவை. அங்கே சில கைகள் ஒரே பெயரைப் பலமுறை எழுதின. கீழடியில் பல கைகள் பல பெயர்களை எழுதியுள்ளன.

பெயர்கள் கூறும் செய்தி

கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் போன்ற பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. திசன் முதலிய பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. ஆதன் என்பது சங்க இலக்கியத்தில் நன்கு அறியப்பட்ட பெயர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் என்ற சேர வேந்தனின் பெயரிலும், வேங்கடப் பகுதியின் தலைவனான ஆதனுங்கன் பெயரிலும் அது வருகிறது. வேந்தனின் பெயரில் உள்ள அதே சொல் வைகைக்கரையில் ஒரு வீட்டுப் பானையிலும் இடம்பெற்றிருக்கிறது.

பெயர் எழுதியதன் பயன் எளிமையானது. விழாவிலோ பொதுச் சமையலிலோ பல வீட்டுப் பானைகள் கலந்துவிட்டால், தன்னுடையதை அடையாளம் காணப் பெயர் உதவும். அதற்கு ஒரு கோடோ புள்ளியோ போதும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளில் மீன், ஏணி போன்ற குறியீடுகள் அந்த வேலையைத்தான் செய்திருக்கலாம். குறியீடே போதும் என்ற நிலையில் சிலர் எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதியதில், உடைமையைக் குறிப்பதற்கும் மேலாகத் தன்னை வெளிப்படுத்தும் விருப்பம் தெரிகிறது.

எழுது என்ற வினைச்சொல் பழந்தமிழில் வரைதலையும் குறித்தது. மகளிரின் தோளிலும் மார்பிலும் குழம்பால் கோலம் வரைவதைத் தொய்யில் எழுதுதல் என்றனர். கண்ணுக்கு மை இடுதலும் எழுதுதலே. ஓவியமும் எழுத்தும் ஒரே சொல்லால் வழங்கப்பட்ட மொழியில், பானையில் குறியீடு வரைந்தவருக்கும் பெயர் கீறியவருக்கும் இடையே இன்று நாம் காணும் அளவுக்கு வேற்றுமை இருந்திருக்காது.

விளையாட்டும் நெசவும்

எழுத்தறியாதவர்களின் கைவேலையும் கீழடியில் மிகுதியாகக் கிடைத்துள்ளது. உடைந்த பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பாண்டி விளையாட்டில் சிறுமியர் இன்றும் இத்தகைய சில்லுகளைப் பயன்படுத்துகின்றனர். சுடுமண்ணாலும் தந்தத்தாலும் ஆன பகடைக் காய்கள், சுடுமண் மனித உருவங்கள், விலங்கு உருவங்கள், காதணிகள், தந்தச் சீப்புகள் ஆகியவையும் அகப்பட்டன. தந்தப் பொருட்கள் வசதி படைத்தோருக்கு உரியவை. பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த சில்லு எவர் வீட்டிலும் செய்யக் கூடியது.

நூல் நூற்கும் தக்களிகளும், கூர்முனை கொண்ட எலும்புக் கருவிகளும் கிடைத்துள்ளன. இந்த எலும்புக் கருவிகள் நெசவில் உருவங்களை அமைக்கப் பயன்பட்டவை என்று அகழாய்வு அறிக்கை கருதுகிறது. துணி மக்கிப் போனதால் அந்த உருவங்கள் எவையென இன்று காண இயலாது.

மலைக்குகைகளில் தொழிலாளர் பெயர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்காக அமைக்கப்பட்ட கற்படுக்கைகளில் தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. மாங்குளம் கல்வெட்டுகளை 1882ஆம் ஆண்டு இராபர்ட் சூவெல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டு கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் 1960களில் மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரைக் கண்டு, அதைச் சங்க காலப் பாண்டியரோடு இணைத்தார்.

மாங்குளத்தில் வேந்தனின் பெயர் இருக்க, அழகர்மலைக் குகையில் தொழிலாளர்களும் வணிகர்களும் நிரம்பியுள்ளனர். உப்பு வணிகன், கொழு வணிகன், பாணிதம் என்னும் வெல்லப்பாகு விற்றவன், அறுவை எனப்பட்ட துணி விற்றவன், மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் எனக் கொடையாளர்கள் தம் பெயரோடு தொழிலையும் பொறித்துள்ளனர்.

இதே தொழிற்பெயர்கள் சங்கப் புலவர் பட்டியலிலும் காணப்படுகின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வணிகர். மதுரைக் கொல்லன் என்ற அடையோடும், மதுரை எழுத்தாளன் என்ற அடையோடும் புலவர்கள் உள்ளனர். சோழ நாட்டு வெண்ணியைச் சேர்ந்த வெண்ணிக் குயத்தியார், குயவர் குடியில் பிறந்த பெண்பாற் புலவர் ஆவார். கரிகாலனைப் பாடிய அவருடைய பாடல் புறநானூற்றில் 66ஆம் பாடலாக உள்ளது. இந்த அடைமொழிகளைத் தொகுத்தவர்கள் பின்னர்ச் சேர்த்திருக்கலாம். சில குடும்பப் பெயராகவும் இருக்கலாம். எனினும் துணி விற்றவரும் பானை வனைந்தவரும் பாடல் புனைவது இயல்பு என்று அக்காலம் கருதியதை இப்பட்டியல் காட்டுகிறது. அழகர்மலைக் கல்வெட்டும் கீழடி ஓடும் இல்லாவிட்டால், இதனைத் தொகுப்பாளரின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியும்.

வைகையின் மேற்பகுதியில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்டது. கால்நடை வளர்த்த சிற்றூர் மக்களும் இறந்தவரின் பெயரை எழுத்தில் நிலைநிறுத்தினர் என்பதற்கு இது சான்று.

கடல் கடந்த பானைகள்

பானையில் பெயர் கீறும் வழக்கம் வைகைக்கரையோடு நின்றுவிடவில்லை. கொங்கு நாட்டின் கொடுமணலில் எழுத்துள்ள ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இலங்கையின் திசமகாராமவிலும் பானையின் உடைமையாளர்களைக் குறிக்கும் எழுத்துகள் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்தன. அங்கேயே கிடைத்த மற்றோர் ஓட்டில் பானை ஒறி என எழுதப்பட்டுள்ளது. பானையைத் தொங்கவிடும் கயிற்று உறியைக் குறிக்கும் சொல் இது. ஆள் பெயரோடு வீட்டுப் புழக்கச் சொல்லும் கடல் கடந்து சென்றிருக்கிறது.

எழுத்தறிவு எவ்வளவு பரவலானது?

தமிழகத்தில் எழுத்தறிவு பரவலாக இருந்தது என்ற கருத்தை ஐராவதம் மகாதேவன் வலியுறுத்தினார். நகரங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும் ஓடுகள் கிடைப்பதும், மக்கள் பேசிய மொழியே எழுத்து மொழியாக இருந்ததும் அவர் காட்டிய காரணங்கள். இதை மிகைப்படுத்தவும் கூடாது. குவியல் குவியலாகக் கிடைக்கும் ஓடுகளில் எழுத்துள்ளவை மிகச் சிலவே. பெயரை மட்டும் எழுதக் கற்றவர் எல்லாவற்றையும் படிக்கக் கூடியவர் என்று கொள்ள முடியாது. இன்றும் கையொப்பம் மட்டும் இடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எழுத்து அரண்மனைக்கோ வழிபாட்டிடத்துக்கோ மட்டும் உரியதாக இருக்கவில்லை என்ற அளவில் முடிவு உறுதியானது.

தொடரும் வழக்கம்

தமிழர் வீடுகளில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் பொறிக்கும் பழக்கம் இன்றும் உள்ளது. பாத்திரக் கடைகளில் சிறு பொறியால் புள்ளி புள்ளியாகப் பெயரையும் தேதியையும் பொறித்துத் தருகின்றனர். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரும், மொய்யாகத் தரும் குடத்தில் தந்தவரின் பெயரும் இடம்பெறும். பெரும்பாலும் விளிம்புக்கு அருகே, கண்ணில் படும் இடத்திலேயே பெயர் அமைகிறது. இது கீழடிக் காலத்திலிருந்து இடையறாது வந்த மரபு என்று நிறுவச் சான்று இல்லை. ஆனால் விருந்து முடிந்து பாத்திரங்களைப் பிரித்தெடுக்கும் தேவை மாறவில்லை.

கீழடிக்கு அருகிலுள்ள மானாமதுரையில் மண்பாண்டத் தொழிலும் கடம் செய்யும் தொழிலும் இன்றும் நடைபெறுகின்றன. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 5ஆம் நாள், செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் அமைந்த கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெயர் கீறிய ஓடுகளும் பகடைக் காய்களும் சில்லுகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பள்ளிச்சந்தைத் திடலின் 110 ஏக்கரில் இதுவரை தோண்டப்பட்டது சிறு பகுதியே. எஞ்சிய ஓடுகள் தென்னந்தோப்பின் அடியில் உள்ளன.