டிராக்டர்: ஹைட்ரோஸ்டேட்டிக்கா, கியரா?

டிராக்டர் எந்த வேலைக்கு என்பதே இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். ஹைட்ரோஸ்டேட்டிக் அமைப்பில் பம்ப் தள்ளும் எண்ணெய் மோட்டாரைச் சுழற்றுகிறது. பம்புக்குள் இருக்கும் தட்டு சாயச் சாய வேகம் கூடும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி பின்னால் போகும். ஆனால் கணிசமான சக்தி எண்ணெயைச் சூடாக்கியே வீணாகிறது. கியரில் இழப்பு குறைவு. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1967இல் 656 ஹைட்ரோ என்ற ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டரைக் கொண்டுவந்தும் உழவில் கியரே நிலைத்ததற்கு இது முக்கியக் காரணம்.

குதிரைத்திறனைக் கூட்டினால் ஈடாகுமே என்பர். ஈடாகும்தான், அதற்கான டீசல் செலவு உழவர் தலையில்தான் விழும். லோடர் வேலை வேறு: ஓயாமல் முன்னும் பின்னும் போகையில் சாதாரண கியர் வண்டியில் கிளட்ச் தேயும். அங்கே ஹைட்ரோஸ்டேட்டிக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. ஃபில்டர் மாற்றுவதில் மட்டும் அசட்டை கூடாது. எண்ணெயில் தூசி கலந்தால் பம்பே கீறல் விழுந்து கெடும்.