நாயின் கழுத்துக் கூம்பு பிறந்த கதை

கண்ணில் அறுவை செய்துகொண்டவர் எப்படி இருக்க வேண்டும், எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. மல்லாந்து படுக்க வேண்டும். தும்மக் கூடாது, இருமக் கூடாது, ஏப்பம் விடக் கூடாது, துப்பக் கூடாது, உடம்பைக் குலுக்கக் கூடாது. இன்றைக்கும் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். மனிதர் கேட்டுக்கொள்வார். அரிக்கிற கண்ணைச் சொறியாதே என்று நாயிடம் யார் சொல்வது? அந்த இடத்தில்தான் கழுத்துக் கூம்புக்கு வேலை வந்தது.

கால்நடையிடம் வாய்ப்பேச்சு செல்லாது என்பது காவிரிப் படுகைக்காரர்களுக்குப் பழைய பாடம். களத்தில் போரடிக்கும் மாடு நெல்லில் வாய்வைக்காமலிருக்க வாய்க்கூடு போட்டார்கள். வேலி தாண்டும் மாட்டின் கழுத்தில் தொண்டுக்கட்டை தொங்கவிட்டார்கள். ஓடினால் காலில் இடிக்கும், மெல்ல நடந்தால் தொல்லையில்லை. ஐரோப்பாவின் குதிரை வைத்தியர்கள் மரக்குச்சிகளை வரிசையாகக் கோத்துக் குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்கள். கழுத்து வளையாது, புண்ணில் போட்ட கட்டுக்கு வாய் எட்டாது. அடிக்காமல், கட்டிப்போடாமல், எட்டாதபடி மட்டும் செய்கிற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. விலங்கின் மேல் கோபமே இல்லாத ஏற்பாடு அது.

நாய்க்கான கூம்புக்கு எலிசபெத் காலர் என்று பெயர். 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணியின் ஓவியங்களில், முகத்தைச் சுற்றித் தாம்பாளம்போல விரிந்த வெள்ளைக் கழுத்துப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய துணி அப்படி விறைத்து நிற்கக் கஞ்சி வேண்டும். 1564ல் பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து லண்டனுக்குக் குடிவந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி, கட்டணம் வாங்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சவும் துணிக்குப் போடவும் அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அரண்மனை அலங்காரத்தின் உருவ ஒற்றுமையால் பின்னாளில் ஒரு மருத்துவக் கருவிக்குப் பெயர் கிடைத்தது.

கருவி என்னவோ எளிய பொருள்களில்தான் வளர்ந்தது. அட்டை, தோல், மெல்லிய ஒட்டுப்பலகை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டிக் கட்டினார்கள். அட்டை தண்ணீர் பட்டால் நைந்துபோகும். தோலும் பலகையும் பார்வையை மறைக்கும். 1933ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் வந்த பிளாஸ்டிக் தகடுகள் கனமில்லாமலும், கழுவக்கூடியவையாகவும், கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கும்படியும் அமைந்தன.

கடைச்சரக்கு எட்டாத இடங்களில் நம் கால்நடை மருத்துவர்கள் பழைய எக்ஸ்ரே பிலிமை எடுத்துக்கொண்டார்கள். வட்டமாக வெட்டி, நடுவில் கழுத்தளவுக்குத் துளையிட்டு, ஓரத்திலிருந்து துளைவரை ஒரு நேர்வெட்டுப் போட்டு, வெட்டிய விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் கூம்பு தயார். பிலிமின் ஓரம் அறுக்கும் என்பதால் உள்துளையிலும் வெளிவட்டத்திலும் பிளாஸ்டர் சுற்ற வேண்டும். சின்ன நாய்க்கு இந்த விறைப்பு போதும். டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தபின் பிலிம் அருகிவிட்டது. இந்தக் கைவேலையைக் கண்டுபிடிப்பென்று யாரும் கொண்டாடவில்லை; கொண்டாடியிருக்க வேண்டும்.

கண் வைத்தியத்தில் தஞ்சாவூருக்கு நீண்ட நினைவு உண்டு. 1798 முதல் 1832 வரை அரசராயிருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில், நோயுற்ற கண்களை வண்ணப் படங்களாகத் தீட்டி, சிகிச்சைக் குறிப்போடு பாதுகாத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தில் அவை இருக்கின்றன. யானை, குதிரை பற்றிய படச் சுவடிகளும் அங்கே உண்டு. அவர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு வைத்தியமும் கிடைத்தன. அதே ஒரத்தநாட்டில் 2012ல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதற்குமுன் டெல்டாக்காரர் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நினைத்தால் நாமக்கல்லோ சென்னை வேப்பேரியோதான்.

நெல் விளையும் ஊரில் கண்ணுக்கு ஆபத்து அதிகம். இலை கீறினாலும் பதரும் சுணையும் விழுந்தாலும் கருவிழியில் பூஞ்சைப் புண் வரும் என்பது அறுவடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வைக்கோலில் புரளும் நாய்க்கும் கண்ணில் தூசு விழாமலிருக்காது. பக், ஷிட்சு போன்ற தட்டைமூக்கு நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை, விழி பிதுங்கியே இருக்கும். சில குட்டிகளுக்கு மூன்றாம் இமையின் சுரப்பி சிவப்பு உருண்டையாக வெளியே வந்துவிடும். முன்பு அதை வெட்டி எறிந்தார்கள். கண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று தெரிந்தபின், உள்ளே தள்ளித் தைக்கிறார்கள். மிக மெல்லிய நூல் அது. கருவிழியோ அரை மில்லிமீட்டர் கனத்தைச் சற்றே தாண்டும். முன்னங்கால் ஒருமுறை இழுத்தால் போதும், தையல் பிரிந்துவிடும்.

ஆகவே கூம்பைத் தேர்ந்தெடுப்பது மருந்து வாங்குவதற்குச் சமமான காரியம். காற்றடைத்த வளையமும் மெத்தென்ற துணிக் காலரும் பார்க்க இதமாக இருக்கும். வயிற்றுத் தையலுக்குச் சில நாய்களுக்கு அவை போதலாம். கண்ணுக்குப் போதாது. வளையத்தைத் தாண்டி முன்னங்கால் கண்ணுக்கு வரும், துணி மடங்கிவிடும். கண்ணுக்கு விறைப்பான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான். கழுத்துப் பட்டை இருக்குமிடத்திலிருந்து மூக்கு நுனிவரை அளந்து, அதைவிட இரண்டு விரற்கடையாவது விளிம்பு நீள வேண்டும். தட்டைமூக்கு நாய்க்கு மூக்கையே பார்த்துக் குட்டைக் கூம்பு வாங்கினால் பின்னங்கால் எட்டிவிடும். வாய் ஒடுங்கிய கூம்பானால் அதன் சுவரே பிதுங்கிய விழியில் உரசும். அகலமாக விரிந்ததைக் கேளுங்கள். கழுத்தில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கழுத்து இறுகினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கூம்பு போட்டிருக்கும் நாள்களில் சங்கிலியைக் கழுத்தில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுவதும் இதற்காகத்தான்.

கூம்பின் வாயைவிடச் சிறிய கிண்ணத்தைச் செங்கல்மேல் வைத்தால் கூம்புக்குள் கிண்ணம் அடங்கி, நாய் சாப்பிட்டுவிடும். ஒட்டிய சோற்றைத் தினமும் கழுவித் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் கழுத்து ரோமத்துக்கடியில் சிவக்கிறதா என்று விரல்விட்டுப் பாருங்கள். இரண்டு சொட்டுமருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். சொட்டுவிடக் கூம்பைக் கழற்ற வேண்டியதில்லை, பின்பக்கம் நின்று மேலிருந்து விடலாம்.

முதல் இரவு நாய் சுவரில் முட்டும், நம்மைப் பார்த்து முனகும். வீட்டில் யாராவது "பாவம், கொஞ்ச நேரம் கழற்றிவிடேன்" என்பார்கள். பெரியவர்கள் சொன்னாலும் அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காதீர்கள். கழற்றும் நாளை அறுவை செய்த மருத்துவர் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்.