பெண் கொடுத்துப் பெண் எடுத்த வணிகக் குடும்பங்கள்

எலையாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் ஐசுவரியத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய கப்பல்களை எண்ணுவதிலேயே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலுள்ள சேலம் துறைமுகத்தில் அவர் அடைந்த கீர்த்திக்கு மூலாதாரம் அவருடைய குடும்பமே என்பது என் அபிப்பிராயம்.

கேப்டன் ரிச்சர்டு டெர்பியின் புதல்வராக 1739-இல் பிறந்த எலையாஸ், மாலுமித் தொழிலில் இறங்காமல் கரையிலேயே இருந்து தந்தையாரின் கணக்கு வழக்குகளைக் கற்றுத் தேர்ந்தவர். அவருடைய தமக்கை மேரியை ஜார்ஜ் கிரௌனின்ஷீல்டு என்ற கப்பல் தலைவர் 1757-இல் விவாகம் செய்துகொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த ஜார்ஜின் சகோதரியான எலிசபெத்தையே எலையாஸ் மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களை நிரம்பக் கண்டிருக்கும் நமக்கு, இந்த இரட்டைச் சம்பந்தத்தின் பலத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அத்தம்பதிகளுக்காக மூத்த டெர்பி துறைமுகத்தைப் பார்த்தவாறு கட்டிக்கொடுத்த செங்கல் வீடு இன்றும் நிற்கிறது.

1775-இல் லெக்ஸிங்டனில் அமெரிக்கச் சுதந்திர யுத்தம் மூண்டபோது, ஆங்கிலத் தளபதி அனுப்பிய கப்பல் நான்கு நாள் முன்னதாகவே புறப்பட்டிருந்தும், எலையாஸின் தம்பி ஜான் 'குவேரோ' என்ற சிறு கப்பலில் விரைந்து சென்று, அமெரிக்கர் தரப்புச் செய்தியை லண்டனில் முந்திச் சேர்ப்பித்தார். சமாதானம் ஏற்பட்ட பிறகு மேற்கிந்தியத் தீவுகளின் ஆங்கிலத் துறைமுகங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைபட்டுப் போகவே, எலையாஸ் கீழ்த்திசைக் கடல்களை நாடினார். அவருடைய 'கிராண்ட் டர்க்' என்ற கப்பல் சீனாவின் காண்டன் நகரம் வரை சென்று 1787-இல் தேயிலையும் பட்டும் பீங்கானும் கொண்டு திரும்பியது. தந்தையின் பெயரையே தரித்த மூத்த மகன், இன்று மொரீஷியஸ் எனப்படும் தீவில் தங்கி, இந்தியத் துறைமுகங்களோடு வியாபாரம் நடத்தினார்.

தாய்மாமனின் கப்பல்களில் தொழில் பழகிய மேரியின் புதல்வர்கள், பின்னர்த் தம் தந்தையோடு சேர்ந்து மாமனுக்கே போட்டியாக வளர்ந்தார்கள். அவர்களுள் ஜேக்கப் 1796-இல் வங்காளத்திலிருந்து ஒரு யானையையே நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கினார்! உறவு கொடுத்த பயிற்சிதான் அந்தப் போட்டிக்கும் வித்தாயிற்று என்பதை எண்ணும்போது மனம் சற்றுக் கனக்கிறது.

எலிசபெத்தின் விருப்பத்தால் எழும்பிய மாளிகை முடிவுற்ற 1799-ஆம் ஆண்டிலேயே, மனைவி காலமான சில மாதங்களில் எலையாஸும் காலமானார். அவ்வளவு பெரிய மாளிகையைக் காப்பாற்றும் சக்தி வாரிசுகளுக்கு இல்லாமற்போகவே, 1815-இல் அது இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் மேரியின் மற்றொரு புதல்வரான பெஞ்சமின் கிரௌனின்ஷீல்டு அமெரிக்கக் கடற்படை மந்திரியாகப் பதவி வகிக்கத் தொடங்கினார்.