தகடூரில் தகடுகள்

வெயில் காய்கிற ஊரில் சூரிய மின்தகடு நிறைய மின்சாரம் தரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டாலும், மிச்ச ஒளியில் பெரும்பகுதி சூடாகித் தகட்டிலேயே தங்குகிறது. தகட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் திறன் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். சித்திரை நண்பகலில் காற்று 38 டிகிரி என்றால் தகடு 65-ஐத் தொடும். ஏழில் ஒரு பங்கு மின்சாரம் கைநழுவும். தண்ணீர் தெளித்தால் போயிற்று என்று தோன்றும். தகடூர் என்று பழம்பெயர் கொண்ட தர்மபுரியில் அந்த யோசனையை எடைபோட இயற்பியல் மட்டும் போதாது. ஊரின் தண்ணீர் வரலாற்றையும் கேட்க வேண்டும்.

காவிரி ஒகேனக்கல்லில் இரைச்சலோடு விழுகிறது. ஆனால் அது ஓடுவது பள்ளத்தில்; மேட்டு நிலத்துக்குத் தானாக ஏறாது. ஆகவே இந்த மண் ஏரியையும் கிணற்றையும் நம்பியே வாழ்ந்தது. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி நிறையும். ஏரி ஊறினால் ஆயக்கட்டுக் கிணறு ஊறும். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் வயலுக்குப் போகும். ஒரே தண்ணீர் பல வேலை செய்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, இந்த மண் அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை வைத்தபோது, புன்செய், நன்செய், தோட்டம் என்று பிரித்ததற்கும் தண்ணீரே அடிப்படை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், தர்மபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது இங்கே நீதிமொழியாக வந்ததல்ல, பட்டறிந்து வந்தது.

மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றில் பின்னால் மின்மோட்டார் இறங்கியது. கிணறு வற்றியதும் ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆழம் கூடக்கூடப் பாறையின் ஃபுளோரைடும் தண்ணீரோடு ஏறிவந்து, பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கியது, பெரியவர்களின் எலும்பை முடக்கியது. காவிரித் தண்ணீரை மேடேற்றி வீடுகளுக்குக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது. தகட்டுக்குத் தெளிக்கக் கையில் இருப்பது இந்த இரண்டு தண்ணீர்தான்: குடிநீராக மேடேறி வந்தது ஒன்று, உப்போடு மேலே வந்தது இன்னொன்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு சதுர மீட்டர் தகட்டில் உச்சி வெயிலின்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் சூடு சேர்கிறது. அந்தச் சூட்டை ஆவியாதலால் மட்டுமே வெளியேற்ற மணிக்கு இரண்டு லிட்டருக்குமேல் தண்ணீர் வேண்டும். ஒரு மெகாவாட் நிலையத்தில் 2,200 தகடுகள் என்று வைத்தால் மணிக்கு 5,000 லிட்டர், ஐந்து மணி நேரத்துக்கு 25,000 லிட்டர். ஊரகக் குடிநீருக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்ற அரசு அளவின்படி, 450 பேரின் ஒருநாள் தண்ணீர். தகடு 20 டிகிரி குளிர்ந்தாலும் மணிக்குக் கிடைக்கும் லாபம் 70 யூனிட்டைச் சுற்றித்தான் இருக்கும்.

மறுப்புகள் உண்டு. கரும்பை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் என்று புறநானூறு சொல்கிறது. பாலக்கோட்டிலும் அரூர் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. கரும்புக்குப் பாய்ச்சும் ஊர் தகட்டுக்குத் தெளிக்கக் கூடாதா? கரும்புக்குப் போன தண்ணீர் சர்க்கரையாகிறது, சோகையாகி மாட்டுக்குப் போகிறது, கொஞ்சம் கிணற்றுக்கும் திரும்புகிறது. தகட்டில் ஆவியான தண்ணீர் விட்டுப்போவது உப்புப்படிவை மட்டுமே. அது கண்ணாடியை மங்கவைத்து, கிடைத்த லாபத்தையும் தின்னும். வழியும் நீரைப் பிடித்து மறுபடி தெளிக்கலாமே என்றால், ஒவ்வொரு சுற்றிலும் உப்பு கெட்டிப்படும், மோட்டாருக்கும் மின்சாரம் போகும்.

அப்படியென்றால் சூட்டைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. சுவருக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே சந்து விட்டு வெக்கையை வெளியேற்றிய பழைய வீடுகளின் உத்தி தகட்டுக்கும் பொருந்தும். தகரக் கூரையோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்றோட இடம்விட்டு உயர்த்தினால் ஒரு சொட்டுச் செலவில்லாமல் சில டிகிரி இறங்கும். தண்ணீர் சேரத்தான் வேண்டுமென்றால் அதற்கு இரட்டை வேலை இருக்கட்டும். 2012-இல் குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் மேல் தகடு பரப்பியபோது, தகட்டின் நிழல் தண்ணீரைக் காத்தது, தண்ணீர் தகட்டின் சூட்டைத் தணித்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2019-இல் வெளியான ஆய்வொன்றில், பயிருக்கு மேல் நின்ற தகடுகள் வெறுந்தரைமேல் நின்றவற்றைவிடப் பகலில் 9 டிகிரி அளவு குளிர்ந்திருந்தன. எப்படியும் பாய்ச்சப்போகும் தக்காளிப் பாத்திக்கு மேலே தகட்டை உயர்த்திக் கட்டினால், அந்த ஈரமே தகட்டையும் தணிக்கும். கலங்கலில் வழிந்ததை அடுத்த ஏரிக்கு அனுப்பிய கணக்கும் இதுதான்.