சிறுவர் கதையும் முதியோர் செவியும்

வளர்ந்தவர் ஒருவர் சிறுவர் கதைநூலொன்றைக் கையிலெடுத்தால், அதற்கு ஏதேனும் ஒரு காரணம் கூறவேண்டியவராகிறார். பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதற்கு என்பார். பாடசாலை நூலகத்துக்குத் தெரிவு செய்வதற்கு என்பார். தம்முடைய இன்பத்துக்காகவே வாசிப்பதாகச் சொல்லத் துணிபவர் மிகச் சிலர். பல் முளைத்த பின்னர்ப் பாற்சங்கைத் தேடுவது போன்றதொரு நாணம் அவரைத் தடுக்கின்றது.

இந்த நாணத்துக்கு இலக்கிய வரலாற்றில் ஆதாரம் உண்டா என்று ஆராயுமிடத்து, இல்லை என்பதே விடையாகும். உலகம் போற்றும் சிறுவர் கதைகள் பல, சிறுவருக்கு மட்டுமே உரியனவாகப் பிறந்தவை அல்ல. இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது டென்மார்க் தேசத்து எழுத்தாளரான ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சனின் வரலாறு. 'சிறுவர் எழுத்தாளர்' என்ற பெயரால் உலகப் புகழ் எய்தியவர் அவர். அந்தப் பெயரோடு தம் இறுதிநாள் வரை வழக்காடியவரும் அவரே.

அன்டர்சனுக்கு முன்னரே மேனாடுகளில் இவ்வகைக் கதைகள் நூல்வடிவம் பெற்றிருந்தன. 1697 இல் பிரெஞ்சு அறிஞர் பெரோ வெளியிட்ட கதைகள், பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளின் கூடங்களிலே பெரியோர் சுவைத்து வந்த கதைகளின் மரபைச் சேர்ந்தவை. ஜேர்மனியில் கிறிம் சகோதரர் 1812 இல் வெளியிட்ட முதற் பாகமோ ஆராய்ச்சிக் குறிப்புகளோடு கூடிய புலமை நூலாகவே அமைந்தது. சிறுவர்க்கெனத் தெரிந்தெடுத்த 50 கதைகள் கொண்ட சிறிய பதிப்பு 1825 இலேதான் வெளிவந்தது. முதியோர் மனையிலே பிறந்த கதைகள் பின்னரே பிள்ளைகளின் அறைக்குச் சென்றன என்பது இதனாற் பெறப்படும்.

அன்டர்சன் 1805 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் திகதி ஓடென்ஸே என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. தாய் பிறர் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். வறிய வீடாயினும் தந்தையிடம் நூல்கள் சில இருந்தன. மாலை வேளைகளில் அவர் அராபியக் கதைகளை மகனுக்கு வாசித்துக் காட்டினார். பாட்டியார் ஊரிலிருந்த மருத்துவமனையின் தோட்டத்திலே வேலை செய்தவர். அங்கு நூல் நூற்கும் அறையில் ஏழை மூதாட்டிகள் கைவேலையோடு கதை பேசுவர். பேய்க்கதையும் இளவரசர் கதையும் அவர்தம் உழைப்பின் களைப்பை ஆற்றும் மருந்தாயிருந்தன. சிறுவன் அன்டர்சன் அம்மூதாட்டிகளின் அருகிலிருந்து கேட்டவையே பிற்காலத்தில் அவர் எழுதிய கதைகள் பலவற்றுக்கு வித்தாயின. அக்கதைகள் முதியவர் முதியவருக்குச் சொன்னவை. சிறுவன் அவற்றை உடனிருந்து கேட்டவன் மட்டுமே.

தந்தையார் 1816 இல் இறந்தார். 1819 இல், பதினான்கு வயதில், நாடகமேடையிற் புகழ்பெற வேண்டுமென்ற ஆசையோடு அன்டர்சன் தனியாகக் கொப்பன்ஹேகன் நகரை அடைந்தார். ஆட்டமும் பாட்டும் கைகொடுக்கவில்லை. அரச நாடக அரங்கின் நிருவாகிகளுள் ஒருவரான யோனாஸ் கொலின் என்பவர் இரங்கி, அரச உதவி பெற்று, அவரை 1822 இல் பாடசாலைக்கு அனுப்பினார். பதினேழு வயது இளைஞர், தம்மிலும் பல வயது இளைய சிறுவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்கவேண்டியதாயிற்று. பிள்ளைகளின் நடுவே பெரியவராய் அமர்ந்த அந்த அனுபவம் கசப்பானது. எனினும், பெரியோர் உலகத்தைக் கீழிருந்து நோக்கும் பார்வையை அவர் ஒருபோதும் இழக்கவில்லை.

1835 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பமாகும். இத்தாலியைக் களமாகக் கொண்ட அவருடைய நாவலொன்று அவ்வாண்டு வெளிவந்து பாராட்டுப் பெற்றது. சில வாரங்களின் பின்னர், மே மாதத்தில், நான்கு கதைகள் கொண்ட மெல்லிய புத்தகமொன்று வெளியாயிற்று. 'சிறுவர்க்குச் சொல்லிய கதைகள்' என்பது அதன் பெயர். விமரிசகர் சிலர் முகஞ்சுளித்தனர். கதைகளில் ஒழுக்கப் படிப்பினை இல்லை. நடையோ இலக்கிய நடையன்று, வாய்ப்பேச்சுப் போன்றது என்பன அவர்கள் கண்ட குற்றங்கள். நாவல் எழுதவல்லவர் இதிற் காலத்தை வீணாக்கலாகாது என்ற அறிவுரையும் கிடைத்தது. மாறாக, மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்குமுள்ள தொடர்பை 1820 இல் கண்டறிந்த விஞ்ஞானி ஓர்ஸ்டெட், நாவல் அவருக்குப் புகழைத் தருமாயின் இக்கதைகள் அழியா வாழ்வைத் தரும் என்று கணித்தார். கதைகளின் பெருமையை முதலில் உணர்ந்தவர் ஒரு பிள்ளையல்லர்; அறுபது வயதை அணுகிய பேராசிரியர் என்பது கருதத்தக்கது.

வளர்ந்தவர் இக்கதைகளிற் காண்பது யாது? 1837 இல் வெளிவந்த 'சக்கரவர்த்தியின் புத்தாடை' இதற்கு நல்ல சான்று. பதினான்காம் நூற்றாண்டின் ஸ்பானிய நூலொன்றிலிருந்து அன்டர்சன் அக்கதையின் கருவைப் பெற்றார். மூலக்கதையில், முறைப்படி பிறவாதவனுக்கு அந்தத் துணி தென்படாது. அன்டர்சன் அதனை மாற்றி, தான் வகிக்கும் பதவிக்குத் தகுதியற்றவனுக்கும் மூடனுக்கும் துணி தென்படாது என்று அமைத்தார். பிறப்பைப் பற்றிய அச்சம் பதவியைப் பற்றிய அச்சமாயிற்று. உண்மையை உரைக்கும் குழந்தையோ கையெழுத்துப் பிரதியில் இல்லை. அச்சுக்குச் சென்ற பின்னரே, முடிவை மாற்றும்படி நண்பருக்கு எழுதி, அந்தக் குழந்தையை அவர் கதையினுட் புகுத்தினார்.

பிள்ளைகள் இக்கதையைக் கேட்டு, ஆடையின்றி ஊர்வலம் போகும் அரசனைக் கண்டு சிரிப்பர். அதே கதையை நாற்பது வயதில் எடுத்து வாசிப்பவரின் கண் அரசன்மீது நில்லாது. இல்லாத ஆடையைப் புகழ்ந்துரைத்த முதிய மந்திரியிடம் அது செல்லும். அவர் கெட்டவர் அல்லர், உத்தியோகத்துக்கு அஞ்சியவர். உண்மை வெளிப்பட்ட பிறகும் அரசன் நடையை நிறுத்துவதில்லை. பின்னால் வரும் பணியாளர் இல்லாத முந்தானையை ஏந்தியபடியே நடக்கின்றனர். இந்த இறுதிக் காட்சியின் கூர்மை உத்தியோகம் பார்த்து அறியாத பிள்ளைக்கு எவ்வாறு விளங்கும்? குழந்தை தன்னைக் கதையிலுள்ள குழந்தையாகக் காண்கிறது. பெரியவரோ தம்மை ஊர்வலத்தின் நடுவே காண்கிறார்.

அன்டர்சன் இதனை அறிந்தே எழுதினார். 1843 இன் இறுதியில் வெளிவந்த புதிய தொகுதியின் தலைப்பிலிருந்து 'சிறுவர்க்குச் சொல்லிய' என்ற சொற்களை அவர் நீக்கிவிட்டார். 'அழகற்ற வாத்துக்குஞ்சு' இடம்பெற்ற தொகுதி அதுவே. அவ்வாண்டு நண்பரான கவிஞர் இங்கெமனுக்கு எழுதிய கடிதத்தில் தம் முறையையும் விளக்கினார். பெரியோருக்குரிய கருத்தொன்றைத் தெரிந்துகொண்டு அதனைச் சிறியோருக்குச் சொல்வதாகவும், சொல்லும்போது தந்தையும் தாயும் அருகிலிருந்து கேட்பதை மறவாது அவர்களுக்கும் சிந்திக்க எதையேனும் கொடுப்பதாகவும் அதில் குறித்தார். ஒரே பந்தியில் இருதரத்தாருக்கும் இலை போட்ட விருந்து அது எனலாம்.

1845 இல் எழுதிய 'நெருப்புக்குச்சி விற்ற சிறுமி' அந்த விருந்தின் கசப்பான கறி. ஒரு பிரபுவின் மாளிகையிலே விருந்தினராய்த் தங்கியிருந்தபோது, நெருப்புக்குச்சி ஏந்திய ஏழைச் சிறுமியின் படமொன்று அவருக்குக் கிடைத்தது. சிறுவயதிற் பிச்சையெடுக்க அனுப்பப்பட்டுப் பாலத்தின் கீழிருந்து அழுத தம் தாயின் கதையையும் அவர் அறிந்திருந்தார். பிள்ளை வாசகர் குளிரில் நிற்கும் சிறுமியோடு நின்று, நெருப்பொளியில் தோன்றும் பாட்டியைக் கண்டு மகிழ்வர். வளர்ந்த வாசகர் வேறொன்றைக் கவனிப்பார்: அன்று முழுவதும் அவ்வீதி வழியே எத்தனையோ பேர் சென்றனர், ஒருவரும் ஒரு குச்சியும் வாங்கவில்லை. அந்தப் பெயரற்ற கூட்டத்தில் தாமும் ஒருவராக இருந்திருக்கலாமோ என்ற ஐயம் அவர் நெஞ்சைத் தொடும். 1847 இல் வெளிவந்த 'ஒரு தாயின் கதை' இன்னும் ஆழமானது. காலன் கொண்டுபோன குழந்தையைத் தேடி, தன் கண்களையே விலையாகக் கொடுத்துச் செல்லும் தாயின் துயரம் அதிற் கூறப்படுகின்றது. பிள்ளைக்கு அது ஒரு பயணக் கதை. பிள்ளையைப் பெற்றவருக்கு அது படிக்க அஞ்சும் கதை.

விமரிசகர் குற்றமென்று கூறிய வாய்ப்பேச்சு நடையே இக்கதைகளின் உயிராக அமைந்தது. அவை கண்ணுக்காக அன்றிச் செவிக்காக எழுதப்பட்டவை. அன்டர்சன் அவற்றைப் பிரபுக்களின் இல்லங்களில் வாசித்தார். அரசர் முன்னிலையிலும் வாசித்தார். 1860களில் கொப்பன்ஹேகன் தொழிலாளர் சங்கத்தின் கூட்டங்களிலும் பலமுறை வாசித்தார். பகல் முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் வந்து அமர்ந்து அக்கதைகளைக் கேட்டனர். ஓடென்ஸேயில் நூல் நூற்ற மூதாட்டிகளிடமிருந்து பெற்றதை, மீண்டும் உழைப்பாளரிடமே அவர் சேர்ப்பித்தார்.

ஆனால் கடல் கடந்த நாடுகளில் அவருடைய புகழ் வேறு வழியிற் சென்றது. 1846 இல் ஆங்கிலத்தில் அவருடைய கதைகள் பல மொழிபெயர்ப்புகளாக ஒருங்கே வெளிவந்தன. அவற்றுள் மேரி ஹோவிட் அம்மையாரின் நூல் 'சிறுவர்க்கான அற்புதக் கதைகள்' என்றே பெயர் பூண்டது. மூலத்தின் குறும்பும் குத்தலும் மொழிபெயர்ப்புகளில் மழுங்கின. இளவரசியின் மெத்தைகளின் கீழ் அன்டர்சன் வைத்தது ஒரேயொரு பட்டாணி. சார்ல்ஸ் போனர் என்பவரின் மொழிபெயர்ப்பில் அது மூன்று பட்டாணியாயிற்று. ஒன்றிலுள்ள நகைச்சுவை மூன்றில் இல்லை. ஆயினும் உணரவேண்டியவர் உணர்ந்தனர். முப்பத்தைந்து வயதினரான நாவலாசிரியர் தாக்கரே, 1847 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில், அன்டர்சனை அப்பொழுதுதான் கண்டுபிடித்ததாகவும் அவர்மீது பித்தாகிவிட்டதாகவும் குறிப்பிட்டார். அதிலே நாணத்தின் சாயல் சிறிதும் இல்லை.

1875 இல் அன்டர்சனுக்கு எழுபது வயது நிறைந்தது. 'ஒரு தாயின் கதை' பதினைந்து மொழிகளில் ஒரே நூலாக அச்சிடப்பட்டு அவருக்குக் காணிக்கையாயிற்று. நகரின் பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்புவதற்கும் ஏற்பாடாகியிருந்தது. சிற்பி சாபியே கொண்டுவந்த மாதிரியுருவத்தில் அவரைச் சூழப் பிள்ளைகள் சாய்ந்து நின்றனர். நோயுற்றிருந்த முதியவர் கடுங்கோபங் கொண்டார். மேலே சாய்ந்துகொண்டு எவரேனும் இருந்தால் தம்மால் வாசிக்கவே இயலாது என்றார். தாம் எல்லா வயதினருக்கும் உரிய எழுத்தாளராகவே விரும்பியவர் என்றும், பிள்ளைமை தம் கதைகளில் ஒரு பகுதியே என்றும், நகைச்சுவையே அவற்றின் உப்பு என்றும் எடுத்துரைத்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இரு மாதங்களில், ஆகஸ்ட் 4 ஆம் திகதி, அவர் காலமானார். 1880 இல் திறந்துவைக்கப்பட்ட சிலையில் பிள்ளைகள் இல்லை. கையில் நூலோடு, எதிரே இருப்போரை நோக்கிக் கதை சொல்லும் கோலத்தில் அவர் தனியே அமர்ந்திருக்கிறார். எதிரே இருப்போர் யாவர் என்பதைச் சிற்பி காட்டவில்லை. அந்த இடம் எவருக்கும் உரியது.

இருபதாம் நூற்றாண்டு அவரை மீண்டும் பிள்ளைகளிடமே ஒப்படைத்தது. சிறுவர் இலக்கியத்துக்கான அனைத்துலக விருது 1956 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகின்றது. 1967 முதல் அவர் பிறந்தநாள் அனைத்துலகச் சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. நியூயோர்க் நகரப் பூங்காவில் 1956 இல் வைக்கப்பட்ட அவருடைய வெண்கலச் சிலையின் மடியிலே பிள்ளைகள் ஏறி அமர்கின்றனர். அவர் வெறுத்தது நடந்தேறியது. ஆயினும் அப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வருவோர் பெற்றோரும் பாட்டன்மாருமே என்பதையும் மறத்தலாகாது.

ஈழத்துத் தமிழருக்கும் இவ்வுண்மை புதியதன்று. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கெனப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டைக் கேட்கும் பிள்ளைக்குக் கூழும் கொழுக்கட்டையும் நினைவுக்கு வரும். ஊர் பிரிந்து வாழும் முதியவருக்கோ கூழ் காய்ச்சிய கையே நினைவுக்கு வரும். கத்தரித் தோட்டத்திலே காவற்காரனைப்போல் நிற்கும் வெருளியைப் பற்றி அவர் பாடியதைக் கேட்டுப் பிள்ளை சிரிக்கும். உலகம் கண்டவர், உடையால் மட்டும் காவலராய் நின்ற மனிதர் சிலரை எண்ணிக்கொள்வார். டென்மார்க்கின் சக்கரவர்த்தியும் நவாலியின் வெருளியும் ஒரே ஊர்வலத்தைச் சேர்ந்தவர்களே.

ஆகவே, சிறுவர் நூலை எடுத்து வாசிக்கும் பெரியவர் தம் வயதிலிருந்து இறங்கி வருபவர் அல்லர். சிறுபிராயத்திற் கேட்டபோது கதையின் ஒரு பாதியே அவர் கையில் சேர்ந்தது. மறுபாதியை ஆசிரியர் அவருக்கென்றே எடுத்துவைத்து, அவர் வளர்ந்து திரும்பி வரும்வரை காத்திருந்தார். அதனைப் பெற்றுக்கொள்ளக் காரணம் எதுவும் கூறவேண்டியதில்லை. இன்று மாலை பிள்ளைக்குக் கதை வாசிப்பவர், பிள்ளை உறங்கிய பின்னரும் நூலை மூடிவைக்காது, எஞ்சிய பக்கங்களைத் தமக்காக வாசித்து முடிக்கலாம்.