சென் நதிப் பள்ளத்தாக்கின் புளிப்பு பீர்

பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் மையத்தில் நின்றுகொண்டு, இந்நகரம் எந்த நதியின் கரையில் பிறந்தது என்று வினவுகிறவனுக்கு, அந்நதியை விரல் நீட்டிக் காட்டுவது அந்நகரவாசிகளுக்கே இயலாத காரியம். சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து நாறிக் கிடந்த சென் நதி, 1866-ஆம் ஆண்டு காலரா என்னும் கொடிய கொள்ளைநோய் அதன் கரையோரச் சந்துகளில் புகுந்து ஏழை ஜனங்களை வாரிக்கொண்டு போன பின்னர், மேயர் ஜூல் ஆன்ஸ்பாக் என்பவருடைய முயற்சியால் 1867 முதல் 1871 வரை நடந்த பெருவேலையில் செங்கல் வளைவுகளின் கீழே மூடிப் புதைக்கப்பட்டது. அதன்மேல் பாரிஸ் மாநகரத்தின் பாணியில் அகன்ற வீதிகள் எழுந்தன. நதி கண்ணுக்கு மறைந்தது. ஆனால் அந்நதிப் பள்ளத்தாக்கின் இரவுக் காற்றினாலேயே உண்டாகிவந்த ஒரு பானம் அதனோடு மறைந்துவிடவில்லை. அன்று தொட்டு இன்றுவரை கொள்ளைநோய்களையும் யுத்தங்களையும் அரசியல் குழப்பங்களையும் கடந்து வந்திருக்கும் அப்பானத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகக் காண்போம்.

லாம்பிக் என்று வழங்கும் அந்தப் புளிப்பு பீர், பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே பாயோட்டன்லாந்து என்று பெயர் பெற்ற மேடுபள்ளமான விளைநிலப் பிரதேசத்திலும், சென் நதியை ஒட்டிய லெம்பேக், ஹாலே, பேர்சல், லோட் முதலிய ஊர்களிலும், நகரத்தினுள் ஆண்டர்லெக்ட் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சப்பட்டு வருகிறது. பதினாறாம் நூற்றாண்டின் ஓவிய மேதையாகிய பீட்டர் புரூகல் தீட்டிய குடியானவர் கல்யாண விருந்தில் குடத்திலிருந்து ஊற்றப்படுவது லாம்பிக்தான் என்று அவ்வூரார் பெருமையோடு சொல்லுவார்கள். புரூகல் அப்பிரதேசத்தை நன்கு அறிந்தவர் என்பது மெய். 1568-இல் அவர் வரைந்த குருடர் கூட்டத்தின் சித்திரத்தில் தோன்றும் மாதாகோவில், சின்ட் அன்னா பேடே என்னும் சிற்றூரில் இன்றும் நிற்கிறது. ஆயினும் சித்திரத்தில் ஊற்றப்படும் திரவம் இன்னது என்று நிரூபிக்க ஆதாரம் இல்லாதபடியால், அந்தப் பெருமையை விலக்கி வைப்பதே நேர்மை என்று கருதுகிறோம். அது இல்லாமலே இத்தொழிலுக்குரிய கௌரவம் நிரம்ப இருக்கிறது.

உலகத்தில் காய்ச்சப்படும் பீர் வகைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை மனிதன் தன் கையாலேயே எடுத்துச் சேர்க்கிறான். லாம்பிக் காய்ச்சுகிறவன் அவ்வாறு எதையும் சேர்ப்பதில்லை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கும் நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அதிலிருந்து இறங்கும் கலங்கலான இனிப்புச் சாற்றை வடித்து, கசப்பும் மணமும் மங்கும்படி இரண்டு மூன்று ஆண்டுகள் கிடப்பில் போட்டு வைத்த பழைய ஹாப்ஸ் பூக்களை மிகுதியாக இட்டு, பல மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். சாறு தீயநுண்ணுயிர்களால் கெடாமல் காப்பது ஒன்றே அப்பூக்களின் பணி. பிறகு அந்திப்பொழுதில், கூரையை ஒட்டிய மாடியிலே, முழங்கால் ஆழமும் இல்லாமல் அறை முழுதும் பரந்து கிடக்கும் செப்புத் தொட்டி ஒன்றில் அந்தக் கொதிசாற்றை ஏற்றிவிட்டு, சாளரங்களைத் திறந்து வைத்து, ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். ஆவி உத்தரங்களில் முட்டி ஓட்டின் இடுக்குகள் வழியே வெளியேற, வெளியிலிருந்து வரும் குளிர்காற்று, பள்ளத்தாக்கின் கண்காணா நுண்ணுயிர்களைச் சுமந்துகொண்டு சாற்றின்மீது படிகிறது. நம் வீடுகளில் அரைத்து வைத்த இட்லி மாவு யாரும் எதுவும் சேர்க்காமலே விடியற்காலையில் பொங்கி நிற்பதைக் கண்டவர்களுக்கு, இவ்வதிசயத்தின் தத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விடியும்போது சுமார் இருபது பாகை அளவுக்குத் தணிந்திருக்கும் சாறு, மரப்பீப்பாய்களில் இறக்கப்படுகிறது. அவை பெரும்பாலும் முன்பு திராட்சை மது இருந்த பீப்பாய்கள்; அவற்றின் பலகைத் துவாரங்களிலும் அந்நுண்ணுயிர்களின் பரம்பரைகள் குடியிருக்கின்றன. முதல் சில வாரங்களில் ஒரு வகை பாக்டீரியாவும், அடுத்த சில மாதங்களில் சாதாரண ஈஸ்டும், கோடை வந்ததும் புளிப்பமிலத்தை ஆக்கும் வேறொரு பாக்டீரியாவும், இறுதியில் பிரெட்டனோமைசிஸ் என்னும் மந்தகதி உள்ள ஈஸ்டும், ஒன்றன்பின் ஒன்றாக வந்து தத்தம் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்குகின்றன. இந்த நான்காவது உயிருக்கு 1904-இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாஸன் என்பவர் பெயர் சூட்டினார். அதே இனத்தை 1921-இல் குஃபராத், வான் லார் என்னும் இரு விஞ்ஞானிகள் லாம்பிக்கிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் பெயரே அவ்வுயிரின் பெயரோடு சேர்ந்திருக்கிறது. விஞ்ஞானி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை 1876-இல் வெளியிட்டதற்கும், கார்ல்ஸ்பெர்க்கில் ஹான்ஸன் 1883-இல் ஒற்றை ஈஸ்டைத் தனித்து வளர்க்கும் முறையை வகுத்ததற்கும் பின்னர், உலகத்துப் பீர் ஆலைகள் எல்லாம் காற்றைப் பகைவனாகப் பாவித்துச் சாளரங்களை இறுக மூடிக்கொண்ட காலத்தில், இந்தப் பள்ளத்தாக்கின் குடியானவத் தொழிலாளர்கள் மட்டும் தங்கள் சாளரங்களை மூட மறுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, அவர்கள்பால் நமக்கு உண்டாகும் மரியாதை சாமானியமானதல்ல. சிலந்தி வலைகளைக் கூட அவர்கள் கலைப்பதில்லை. பழ ஈக்களைப் பிடித்து உண்ணும் சிலந்திக்கு ஆலையில் உரிய இடம் உண்டு.

இவ்வேலைக்குக் குளிர் இன்றியமையாதது. அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரையிலுமே காய்ச்சுகிறார்கள். வெப்பம் மிகுந்த இரவுகளில் வேண்டாத உயிர்கள் சாற்றில் புகுந்துவிடும். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் பருவம் தவறிய வெம்மையால் ஆண்டர்லெக்டிலுள்ள காந்தியோன் ஆலையார் காய்ச்சுவதை நிறுத்திவைக்க நேர்ந்தது.

பீப்பாயிலுள்ள லாம்பிக்கில் நுரை இல்லை. ஓராண்டுச் சரக்கில் இன்னும் நொதிக்காத சர்க்கரையும் துடிப்பும் இருக்கும்; மூன்றாண்டுச் சரக்கில் ஆழ்ந்த மணமும் முதிர்ச்சியும் இருக்கும். கலப்பாளர் ஒவ்வொரு பீப்பாயையும் நாவினாலும் நாசியினாலும் பரீட்சித்து, ஒன்று இரண்டு மூன்று ஆண்டுச் சரக்குகளை விகிதம் பார்த்துச் சேர்த்து, தடித்த புட்டிகளில் அடைத்துத் தக்கை இறுக்கிப் படுக்க வைத்தால், இளஞ்சரக்கின் சர்க்கரை புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதித்து நுரையை உண்டாக்குகிறது. இதுவே கூஸ். புளிப்புச் செர்ரிப் பழங்களை லிட்டருக்கு 200 கிராம் அளவிலோ அதற்கு மேலோ லாம்பிக்கில் ஊறப்போட்டால் கிரீக். அதற்குப் பிரஸ்ஸல்ஸை அடுத்த ஸ்கார்பேக்கின் பெயரைத் தாங்கிய சிறு செர்ரியே உத்தமமானது என்பது பழைய அபிப்பிராயம். சர்க்கரை சேர்த்தது ஃபாரோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிலாளி மக்கள் அதைத்தான் மிகுதியாகக் குடித்தார்கள்.

இனி இத்தொழிலை வருத்திய துன்பங்களைப் பார்ப்போம். 1914-இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தை ஆக்கிரமித்துக்கொண்டு, ஆலைகளின் செப்புக் கொப்பரைகளையும் தொட்டிகளையும் யுத்த தளவாடங்களுக்காகப் பறித்துக்கொண்டு போயிற்று. தானியம் கிடைப்பது அரிதாயிற்று. ஆக்கிரமிப்பின் கடைசி மாதங்களில் விஷக்காய்ச்சல் வந்து, பட்டினியால் மெலிந்த ஜனங்களைத் தாக்கிற்று. யுத்தத்துக்கு முன் மூவாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த பெல்ஜிய பீர் ஆலைகளில், அது ஓய்ந்தபோது ஏறக்குறைய இரண்டாயிரமே மிஞ்சின. 1919-இல் சோஷலிஸ்டுத் தலைவரும் நீதி மந்திரியுமான எமில் வாண்டர்வெல்டே, தொழிலாளர் குடும்பங்களை நாசமாக்கிய ஜெனீவர் முதலிய சாராயங்களைக் கபேக்களில் விற்கக் கூடாது என்றும், கடைகளில் இரண்டு லிட்டருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்றும் சட்டம் இயற்றினார். அச்சட்டம் 1983 வரை அமுலில் இருந்தது. அவருடைய நோக்கம் உன்னதமானது. ஆனால் சாராயத்தை இழந்தவர்கள் அழுத்தமான பீர் வகைகளை நாட, தேசத்தின் நாக்கு மெல்ல வேறு திசையில் திரும்பிற்று.

இத்தனையும் தாங்கிய லாம்பிக்கை உண்மையில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியது கொள்ளைநோயுமன்று, யுத்தமுமன்று. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் வந்த செழிப்புக் காலத்தில், சோடா பானங்களில் பழகிய நாவுக்கு ஏற்றவாறு சர்க்கரையும் செயற்கை இனிப்பும் சேர்த்து வடிகட்டிச் சூடேற்றி, சில மாதங்களில் விற்றுத் தீர்க்கும் சரக்கையே கூஸ் என்ற பெயரில் பெரிய கம்பெனிகள் சந்தையில் பரப்பின. மூன்றாண்டு காத்திருக்கும் சிறு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இனிப்பும் அவசரமும் இழைத்த கேட்டை, எதிரியின் படைகள் கூட இழைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆண்டர்லெக்டில் 1900-இல் ஸ்தாபிதமான காந்தியோன் ஆலை, நகர எல்லைக்குள் பழைய முறையில் காய்ச்சும் கடைசி ஆலையாக நெடுங்காலம் எஞ்சி நின்றது. அக்குடும்பத்தின் மருமகனாகிய ஜான்-பியேர் வான் ராய், வேலை நடக்கும் ஆலையையே 1978-இல் கூஸ் அருங்காட்சிச்சாலையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதே காலத்தில் லெம்பேக்கில் ஃபிராங்க் போன் என்னும் இளைஞர் மூடும் தறுவாயிலிருந்த ஓர் ஆலையை ஏற்றெடுத்தார். மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கில எழுத்தாளர் தம் நூல்களால் வெளிநாட்டு ரசிகர்களைத் திரட்டினார். பேர்சலில் மூன்று ஊற்றுகள் என்னும் பொருளுடைய பெயர்கொண்ட ஆலையை நடத்திய அர்மான் டெபெல்டர், 1997-இல் பாரம்பரிய லாம்பிக் உற்பத்தியாளர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் பழைய முறைக் கூஸுக்கும் கிரீக்குக்கும் ஐரோப்பிய சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 2009-இல் அவருடைய கிடங்கில் வெப்பங்காக்கும் கருவி பழுதாகி இரவோடிரவாகப் பல்லாயிரக்கணக்கான புட்டிகள் வெடித்தும் கெட்டும் போயின. சர்வநாசம் அடைந்தவர் என்று ஊரார் பரிதாபப்பட்ட அம்மனிதர், கெட்ட சரக்கைச் சாராயமாக வடித்து விற்றுப் பணம் திரட்டி, மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார். அவர் 2022-இல் காலமானார். இத்தொழில் மீண்டதற்கு அவரைப் போன்றோரின் பிடிவாதமே மூலகாரணம்.

லாம்பிக்கின் தாயகமாகிய இப்பள்ளத்தாக்கு, பெல்ஜிய அரசியலின் தீராத புண்ணாகவும் இருந்தது. டச்சு பேசும் வடக்குக்கும் பிரெஞ்சு பேசும் தெற்குக்கும் இடையே 1963-இல் மொழி எல்லை சட்டப்படி நிலைப்படுத்தப்பட்ட பின்னும், பிரஸ்ஸல்ஸையும் ஹாலேயையும் வில்வோர்டேயையும் ஒரே தேர்தல் தொகுதியாகப் பிணைத்திருந்த ஏற்பாடு கட்சிகளுக்குள் ஓயாத சச்சரவை மூட்டிற்று. அத்தகராறிலேயே 2010 ஏப்ரலில் மந்திரிசபை கவிழ்ந்து, தேர்தலுக்குப் பின் 541 நாட்கள் முழு அதிகாரமுள்ள அரசாங்கம் அமையாமல் நாடு கிடந்தது. பேர்சலும் லெம்பேக்கும் அத்தொகுதிக்கு உட்பட்டிருந்த இடங்கள்தாம். இத்தனை பிணக்குகளுக்கு நடுவே, பெல்ஜிய பீர்க் கலாசாரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும் விண்ணப்பத்தை, எண்ணிக்கையில் மிகச் சிறிய ஜெர்மன் மொழிச் சமூகத்தின் வாயிலாக எல்லாச் சமூகங்களும் ஒருமித்து முன்வைத்து 2016-இல் வெற்றி கண்டார்கள் என்பதை மனமாரப் பாராட்டுகிறோம்.

2018 டிசம்பரில் புலம்பெயர்வு பற்றிய ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்தை முன்னிட்டு மந்திரிசபை மீண்டும் பிளந்தது. 2019 மே மாதத் தேர்தலுக்குப் பிறகும் அரசாங்கம் அமையவில்லை. அந்த நிலைமையில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 13 நள்ளிரவில் கபேக்கள் யாவும் மூடப்பட்டன. சோஃபி வில்மெஸ் தலைமையில் விசேஷ அதிகாரம் பெற்ற ஒரு சிறுபான்மை மந்திரிசபை அவசரமாக அமைக்கப்பட்டது. சுகாதாரத்தின் பொறுப்போ மத்தியிலும் பிராந்தியங்களிலுமாக ஒன்பது மந்திரிகளிடையே சிதறிக் கிடந்தது. ஜனத்தொகை விகிதப்படி உலகத்திலேயே மிக அதிகமான மரணங்களைப் பதிவு செய்த நாடுகளில் ஒன்றாகப் பெல்ஜியம் அவ்வாண்டில் நின்றது. அம்மரணங்களில் பெரும்பகுதி முதியோர் இல்லங்களில் வசித்தவர்களுடையவை. அவ்வளவு முதியோர் உற்றார் முகம் காணாமல் இறந்துகொண்டிருக்க, பேச்சுவார்த்தை மேசையில் கட்சிகள் மாதக்கணக்கில் பேரம் பேசியதை எவ்வித நியாயத்தாலும் மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை. தேர்தலுக்குப் பதினாறு மாதங்கள் கழித்து, 2020 அக்டோபர் 1-ஆம் தேதி ஏழு கட்சிகள் சேர்ந்த டி குரூ மந்திரிசபை பதவியேற்றது; அதே அக்டோபர் 19-ஆம் தேதி கபேக்கள் மறுபடியும் மூடப்பட்டு, அடுத்த மே 8-ஆம் தேதி வரை திறந்தவெளி மேசைகளுக்குக் கூட அனுமதி இல்லாமல் போயிற்று. வங்கி ஊழியர்கள் ஆடிய சூதாட்டத்தின் கடைசி விரைவுச் சுற்றிலிருந்து ‘திடீர் மரணம்’ என்று 1928-இல் பெயர் பெற்ற பிரஸ்ஸல்ஸின் புகழ்பெற்ற கபேயும், ஐசரிங்கன் ஊரில் மாதாகோவிலின் எதிரே ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கும் சின்னஞ்சிறு கபேயும் ஒருங்கே அடைபட்டன.

சாதாரண பீர் பீப்பாய்கள் கபேக்களின் நிலவறைகளில் காலாவதியாகி ஆயிரக்கணக்கில் கொட்டப்பட்ட அம்மாதங்களில், லாம்பிக்குக்கு நஷ்டம் நேர்ந்தது வியாபாரத்தில்தான். பீப்பாயில் இருந்த சரக்கு தன் பாட்டில் முதிர்ந்துகொண்டிருந்தது. புட்டியிலுள்ள கூஸோ இருபதாண்டு கூடத் தாங்கும். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் அலமாரிகளில் சேமித்திருந்த புட்டிகளைத் திறந்தார்கள், நாமும் திறந்தோம். தக்கை நழுவும்போது ஈரவைக்கோலும் பழத்தோலும் கலந்த மணம் எழும். அடிமண்டி கலங்காமலிருக்கப் புட்டியைச் சாய்த்தபடியே நிதானமாக ஊற்ற வேண்டும். முதல் மிடற்றில் எலுமிச்சையினும் கூரிய புளிப்பு தாடையின் இருபுறத்தையும் பிடித்து இழுத்து, இரண்டாம் மிடற்றில் இளகி, கோதுமையின் மென்மையும் பழைய மரத்தின் வாசமும் புலப்படும். பத்திரிகையைப் பிரித்தால் மரணக் கணக்கும் கட்சிகளின் சண்டையுமே காணப்பட்ட அந்நாட்களில், இனிப்பான எதுவும் பொய் சொல்வது போலத் தோன்றியபோது, இந்தப் புளிப்பு நம் மனநிலைக்கு இசைந்திருந்தது. அவசரமாகக் குடிக்க இயலாமையால் அது ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நிரப்பிற்று. சுவாசிக்கும் காற்றே சத்துருவாகிவிட்டதென்று உலகம் முகத்தை மூடிக்கொண்டிருந்த வேளையில், மூன்று குளிர்காலங்களுக்கு முந்திய காற்று உண்டாக்கிய பானம் அது என்ற நினைவும் நமக்கு ஆறுதல் அளித்தது.

கபேக்கள் அடைபட்டிருந்த அந்த 2020–21 குளிர்காலத்திலும் பள்ளத்தாக்கில் கொப்பரைகள் கொதித்தன. அப்போது பீப்பாயில் இறங்கிய சாறு மூன்றாண்டு முதிர்ந்து, 2024-ஆம் ஆண்டு தொடக்கமாகக் கூஸின் கலப்பில் மூத்த பங்காகச் சேர்ந்திருக்கிறது. புட்டியின் பின்புறச் சீட்டில் அடைத்த தேதியைப் பார்த்து மூன்றைக் கழித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், அக்குளிர்காலத்தின் சரக்கைத் தேடி வாங்கலாம்.